எண்ணைத் தடுத்த பிறகும் பணம் போகிறது: ஐந்திலக்க எண் குறுஞ்செய்திக் கட்டணம்

#1 ஒற்றைப்பனை

மூன்று மாதங்களாக அம்மாவின் கைப்பேசியில் பணம் நிற்பதில்லை. ரீசார்ஜ் செய்த அரை மணி நேரத்திற்குள் ஒரு பகுதி காணாமல் போய்விடுகிறது. அவர் அதிகம் பேசுபவரும் இல்லை; நானோ சித்தியோ அழைத்தால் எடுப்பார், அவ்வளவுதான். ஏதோ வரி பிடிக்கிறார்கள் போலும் என்று நானும் விட்டுவிட்டேன். நேற்று கைப்பேசியை வாங்கிப் பார்த்தால், ஐந்திலக்க எண் ஒன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு 'இன்றைய ஆரோக்கியக் குறிப்பு' வந்துகொண்டிருக்கிறது. 'வெந்நீர் குடியுங்கள்', 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்ற அளவில்தான் ஞானம். வாரம் ஒருமுறை அதே எண்ணிலிருந்து 'உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி.

அம்மா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார். வயதானவர்களுக்கு நிறுவனம் இலவசமாக அனுப்புகிறது என்று நினைத்தாராம்.

அந்த எண்ணைத் தடுப்புப் பட்டியலில் போட்டேன். செய்தி நின்றது. இன்று காலை மறுபடியும் பணம் போயிருக்கிறது. செய்தியே வராதபோது எதற்குக் கட்டணம்? இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 தேனீ

வைரஸாக இருக்கும். கைப்பேசியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

#3 சந்தேகி

எங்கோ ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அழுத்தாமல் எப்படிச் சந்தா வரும்? அந்த எண்ணுக்கு 'ஸ்டாப்' என்று அனுப்பினால் முடிந்தது. இதற்கு ஓர் இழையா?

#4 முன்னாள்குரல்

தேனீ, அவசரப்பட்டு எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். அந்தச் செய்திகள்தான் இவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

ஆறு ஆண்டுகள் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த அழைப்புகளில் பெரும் பங்கு இந்த வகைதான். 'தடுத்துவிட்டேன், ஆனாலும் பணம் போகிறது' என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ண முடியாது.

விஷயம் இதுதான். சாதாரணக் குறுஞ்செய்திக்கு அனுப்புபவர் காசு கொடுக்கிறார். பிரீமியம் செய்தியில் இரண்டு வழிகள் உண்டு. அந்த ஐந்திலக்க எண் போன்ற குறுகிய எண்ணுக்கு நீங்கள் ஒன்றை அனுப்பும்போது கூடுதல் கட்டணம் பிடிப்பது ஒன்று. உங்களுக்குச் செய்தி வரும்போது, பெறுபவரான உங்களிடமே பிடிப்பது மற்றொன்று. சந்தா என்றால் இரண்டாவது வகைதான், அல்லது செய்தியே இல்லாமல் கணக்கில் நேராகக் கை வைப்பது. இந்தக் கணக்கு நடப்பது நிறுவனத்தின் கணினியில். உங்கள் கைப்பேசியில் இருக்கும் தடுப்புப் பட்டியல் அந்தக் கணினிக்குத் தெரியவே தெரியாது. வாசற்கதவைச் சாத்திவிட்டீர்கள், கடையில் பற்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தடுத்ததில் ஒரு தீமையும் உண்டு: இனி 'புதுப்பிக்கப்பட்டது' என்ற வரிகூட உங்கள் கண்ணில் படாது. ஆகவே தடையை நீக்குங்கள்.

கைப்பேசியை மாற்றினாலும் சிம் அட்டையை மாற்றினாலும் பயனில்லை. சந்தா ஒட்டிக்கொண்டிருப்பது தொலைபேசி எண்ணில்.

ரீசார்ஜ் செய்த அரை மணிக்குள் போகிறது என்றீர்களே, அதற்கும் காரணம் உண்டு. இருப்பு போதாமல் இருந்தால் சந்தா ரத்தாவதில்லை. வரிசையில் காத்திருக்கும். அமைப்பு சில மணிக்கொருமுறை முயன்று பார்க்கும். நீங்கள் பணம் போட்டதும் முதல் ஆளாக அது வந்து எடுத்துக்கொள்ளும். 'ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவைத்தேன், தானாக நின்றிருக்கும்' என்று பலர் ஏமாந்தது இப்படித்தான்.

#5 ஒற்றைப்பனை

மிக்க நன்றி, ஐயா. தடையை நீக்கிவிட்டேன். ஆனால் அம்மா குறுகிய எண் எதற்கும் செய்தி அனுப்பியதில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். அனுப்பிய செய்திகளில் தேடினேன், ஒன்றுமே இல்லை. பிறகு எப்படிச் சேர்ந்திருப்பார்?

#6 முன்னாள்குரல்

ஐயா இல்லை, அக்கா.

செய்தி அனுப்பித்தான் சேர வேண்டும் என்பதில்லை, தம்பி. திரையில் திடீரென ஒரு பெட்டி எழுந்து நிற்குமே, 'உங்கள் எதிர்காலம் அறிய ஓகே அழுத்தவும்' என்று? அது சிம் அட்டைக்குள் இருக்கும் சேவைப் பட்டியலிலிருந்து வருவது. அதை மூடப் போய் ஓகேயைத் தொட்டுவிட்டால் சேர்ந்ததாகக் கணக்கு. அம்மா போன்றவர்களுக்குத் திரையில் எது வந்தாலும் ஓகே அழுத்தினால்தான் போகும் என்ற பழக்கம் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பல சிம்களில் 'சிம் டூல்கிட்' என்ற பகுதிக்குள் நுழைந்து இந்த அறிவிப்புகளை நிறுத்தலாம். அம்மா கைப்பேசியில் இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு வழி இணையப் பக்கம். மொபைல் டேட்டாவில் உலாவும்போது உங்கள் கோரிக்கை நிறுவனத்தின் வாயில் வழியாகத்தான் வெளியே போகிறது. ஒப்பந்தம் உள்ள சில பக்கங்களுக்குப் போகும்போது, யார் வருகிறார் என்று உங்கள் எண்ணையும் அந்த வாயில் சேர்த்து அனுப்பிவிடும். அதனால்தான் அந்தப் பக்கம் எண்ணைக் கேட்பதே இல்லை. 'தொடரவும்' என்ற ஒற்றைப் பொத்தான் போதும். வைஃபையில் இருந்தால் நிறுவனம் நடுவில் இல்லை, ஆகவே பக்கம் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லும். வீட்டில் குழந்தைகள் யாராவது அம்மாவின் கைப்பேசியில் விளையாடுவார்களா?

#7 ஒற்றைப்பனை

அக்கா மகன் விளையாடுவான். ஒன்பது வயது. கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் அவன் எதையும் ஒப்புக்கொள்ளும் ரகம் இல்லை.

#8 மழைக்காலம்

சந்தேகி சொன்ன 'ஸ்டாப்' பற்றி ஓர் எச்சரிக்கை. சேவைக்குரிய குறுகிய எண்ணுக்கு அனுப்பினால் அது வேலை செய்யும், எனக்குச் செய்திருக்கிறது. ஆனால் சாதாரண நீள எண்ணிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் விளம்பரம் அனுப்பியதற்கும் அதையே செய்தேன். 'இந்த எண்ணில் ஆள் இருக்கிறது, பதில்கூடச் சொல்கிறது' என்று நானே போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் முழுக்கக் கடன் வேண்டுமா, வேலை வேண்டுமா என்று கொட்டித் தீர்த்தார்கள்.

என் பில்லில் வேறொரு கதையும் இருந்தது. புதிதாக வாங்கிய எண், முதல் மாதமே விளையாட்டுச் சேவைக்குக் கட்டணம். முன்பு அந்த எண்ணை வைத்திருந்த புண்ணியவானின் சந்தா எனக்குச் சீதனமாக வந்திருக்கிறது.

#9 கணக்குப்பிள்ளை

இரண்டு முறை இப்படிச் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். என் அனுபவத்தில் வரிசைதான் முக்கியம். மக்கள் முதலில் பணத்தைக் கேட்கிறார்கள். பணம் கேட்டு வாதாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாரக் கட்டணமும் போய்விடுகிறது. முதலில் குழாயை அடையுங்கள்.

வரும் செய்திகள் எல்லாவற்றையும் தேதியும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, அந்தக் குறுகிய எண்ணுக்கு 'ஸ்டாப்' அனுப்புங்கள். ஒரே எண்ணின் கீழ் இரண்டு மூன்று சேவைகள் இருந்தால் 'ஸ்டாப் ஆல்' என்று கேட்கும் அமைப்புகளும் உண்டு. நிறுத்தியதற்கான பதில் செய்தி வந்தால் அதையும் படம் எடுங்கள். அதோடு விட்டுவிடாமல் நிறுவனத்தை அழைத்து, பிரீமியம் குறுஞ்செய்தியை முடக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தரப்பினர் கைப்பேசிக் கணக்கில் கட்டணம் பிடிப்பதையும் முடக்கச் சொல்லுங்கள். இவை பல நிறுவனங்களில் இரண்டு வெவ்வேறு முடக்கங்கள். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு 'எல்லாம் முடிந்தது, வேறு உதவி வேண்டுமா?' என்பார்கள்.

பணம் பற்றிப் பேசும்போது 'அம்மா சேரவில்லை' என்று வாதாட வேண்டாம். சேரவில்லை என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. சேர்ந்ததை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒரே கேள்வி: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியாகச் சம்மதம் பதிவானது? அந்தப் பதிவைக் காட்டுங்கள். இதை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும்.

#10 சந்தேகி

எவ்வளவு போயிருக்கும்? ஒரு நாள் செலவுகூட வராது. அதற்காக அழைப்பு, படம், கடிதம், மேல்முறையீடு. என் நேரத்திற்கு அதைவிட மதிப்பு இருக்கிறது.

#11 கணக்குப்பிள்ளை

இந்தத் தொழில் பிழைத்திருப்பதே உங்களைப் போன்றவர்களை நம்பித்தான், சந்தேகி. கோபிக்க வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன். ஒருவர் புகார் செய்யச் சோம்பல்படும் அளவுக்குச் சிறிய தொகையை, பல லட்சம் பேரிடம், வாராவாரம் எடுப்பது. தொகை சிறிதாக இருப்பது தற்செயல் இல்லை.

அமெரிக்காவில் இது எவ்வளவு பெரிதானது என்று பாருங்கள். அங்கே இதற்கு 'கிராமிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள், பில்லுக்குள் திணிப்பது. 2014 அக்டோபரில் ஏடி அண்ட் டி நிறுவனம் 10.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 8 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. அதே ஆண்டு டிசம்பரில் டி-மொபைல், குறைந்தது 9 கோடி. 2015 மே மாதத்தில் வெரைசனும் ஸ்பிரின்ட்டும் சேர்ந்து 15.8 கோடி. ஏடி அண்ட் டி மீதான புகாரில் ஒரு விவரம் என் மனத்தில் நின்றுவிட்டது: ஒவ்வொரு கட்டணத்திலும் குறைந்தது 35 சதவீதத்தை நிறுவனமே வைத்துக்கொண்டது என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் சொன்னது. 'அது வேறு நிறுவனத்தின் சேவை, நாங்கள் பணத்தை வாங்கிக் கொடுப்பவர்கள் மட்டுமே' என்று சேவை மையத்தில் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிக் கொடுக்கும் கையிலும் ஒட்டிக்கொள்கிறது.

#12 முன்னாள்குரல்

உண்மை. 'அந்த நிறுவனத்தையே கேளுங்கள்' என்று சொல்லத்தான் எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் முறையும் வாடிக்கையாளர் விடாமல் கேட்டால், கடைசி ஒரு கட்டணத்தை மட்டும் 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பித் தரலாம். மூன்றாம் முறை கேட்டால் மேலாளர். மேலாளருக்கு எங்களைவிடக் கூடுதல் அதிகாரம் இருந்தது, கூடுதல் பொறுமை இல்லை. அதனால் பலருக்கு முழுப் பணமும் கிடைத்தது.

#13 வெண்மதி

தேனீயை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள். அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. செயலி வழியாகத் திருட்டுத்தனமாகச் சந்தா சேர்ப்பது நடக்கத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டில் 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுஞ்செய்தித் திருடனே வீடியோ பார்க்கும் செயலி வேடத்தில் வந்து பிரீமியம் எண்களுக்குச் செய்தி அனுப்பியதுதான். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல், ஒரு செயலி பிரீமியம் எண்ணுக்கு அனுப்ப முயன்றால் கைப்பேசி உங்களைக் கேட்கும். உடனே திருடர்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். 'ஜோக்கர்' என்று பெயர் பெற்ற கூட்டம் வைஃபையைத் துண்டித்து, மொபைல் டேட்டாவில் சந்தாப் பக்கத்தைத் திரைக்குப் பின்னால் திறந்து, வரும் உறுதிச் செய்தியையும் தானே படித்து, பொத்தானையும் தானே அழுத்திவிடும். முன்னாள்குரல் அக்கா சொன்ன அதே வாயில்தான். 2017 முதல் கண்காணித்து, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 1,700 செயலிகளை ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது.

அமைப்புகளில் 'சிறப்புச் செயலி அணுகல்' என்ற பகுதிக்குள் பிரீமியம் குறுஞ்செய்தி அனுமதி இருக்கும். எந்தச் செயலிக்கும் 'எப்போதும் அனுமதி' என்று இருக்கக் கூடாது. வால்பேப்பர், டார்ச், ஸ்டிக்கர் போன்ற செயலி ஒன்று குறுஞ்செய்திகளையும் அறிவிப்புகளையும் படிக்க அனுமதி கேட்டால், அது டார்ச் இல்லை. ஐபோனில் அனுப்பு பொத்தானை நீங்கள் தொடாமல் எந்தச் செயலியாலும் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் இணையப் பக்க வழி அங்கேயும் உண்டு.

#14 தேனீ

நன்றி, வெண்மதி. அழிக்கச் சொன்னது அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

#15 ஒற்றைப்பனை

இன்றைய நிலவரம். 'ஸ்டாப்' அனுப்பினேன், 'நிறுத்தப்பட்டது' என்று பதில் வந்தது. சேவை மையத்தை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். எடுத்தவர், 'உங்கள் தாயார்தான் விரும்பிச் சேர்ந்திருக்கிறார்' என்றார். எந்தத் தேதியில் என்று கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்து இரண்டு முடக்கங்களையும் கேட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னபடியே ஒன்றைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். இரண்டாவதையும் பெயர் சொல்லிக் கேட்ட பிறகுதான், 'ஓ, அதுவுமா' என்றார் அந்தப் பெண்.

எழுத்துப் புகாரை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. எட்டு வரிதான் எழுதினேன். முதலில் இரண்டு பக்கம் எழுதி அம்மாவின் வயது, என் கோபம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, தேதி, எண், கட்டணம், அந்த ஒரே கேள்வி, இவை மட்டும்.

#16 கணக்குப்பிள்ளை

சரியான முடிவு. கோபத்தைப் படிக்க அங்கே ஆள் இல்லை. பதிலுக்குக் கெடு எதுவும் குறிப்பிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்புங்கள், அதே புகார் எண்ணோடு. ஒவ்வொரு முறையும் புதிய புகாராகப் பதிந்தால் அவர்கள் முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள்.

#17 ஒற்றைப்பனை

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சந்தா சேர்ந்தது ஏழு மாதங்களுக்கு முன்பு, மூன்று மாதம் இல்லை! இரவு 11.42 மணி, இணையப் பக்கம் வழியாக, ஒரே சொடுக்கு. அம்மா ஒன்பதரைக்கு உறங்கிவிடுவார். அந்தத் தேதி கோடை விடுமுறை. அக்கா மகன் வீட்டில் இருந்தான். பையனைக் கேட்டேன். சற்று நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, 'வண்டி விளையாட்டில் அடுத்த கட்டம் திறக்க வேண்டும் என்றால் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொன்னது' என்றான். ஆகப் பொத்தான் அழுத்தப்பட்டது உண்மைதான். சந்தேகிக்கு ஒரு மதிப்பெண்.

இனி எனக்குப் பணம் கேட்க முகம் இருக்கிறதா? வண்டி விளையாட்டுக்கு அழுத்திய பொத்தானுக்கு ஆரோக்கியக் குறிப்பு எப்படி வந்தது என்பதும் புரியவில்லை.

#18 முன்னாள்குரல்

தாராளமாகக் கேளுங்கள். விளையாட்டுக்குள் விளம்பரம், விளம்பரத்திற்குள் பொத்தான். பொத்தானுக்குப் பின்னால் எந்தச் சேவை என்பது அன்றைக்கு யார் அதிகம் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. ஆள் சேர்த்துவிட்டால் விளம்பரக்காரருக்குக் கமிஷன். ஆரோக்கியக் குறிப்போ கிரிக்கெட் மதிப்பெண்ணோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

'ஒரே சொடுக்கு' என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பாருங்கள். சந்தாவுக்கு முதலில் ஒரு சம்மதம், பிறகு தனியாக இன்னோர் உறுதி என்று இரண்டு படி வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையிலேயே இந்த இரட்டை உறுதியைக் கட்டாயமாக்கியது. நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற எண்ணையும் வைத்தது. பிரிட்டனில் இந்தச் சேவைகளுக்கென்றே தனி ஒழுங்குமுறை அமைப்பு இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பு, தொலைத்தொடர்பு முழுவதையும் கவனிக்கும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கைக்குப் போனது. நீங்கள் இருக்கும் நாட்டில் யார் பொறுப்பு என்று பாருங்கள். 'இரண்டாவது உறுதி எங்கே?' என்று ஒரு வரி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் ஒழுங்குமுறை அமைப்புக்குப் போவேன் என்று அடுத்த வரி. கத்த வேண்டாம்.

#19 சந்தேகி

மதிப்பெண்ணுக்கு நன்றி. நேற்று என் பில்லை விரித்துப் பார்த்தேன். 'இதர சேவைகள்' என்று ஒரு வரி இருக்கிறது. எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் எதுவும் சொல்வதாக இல்லை.

#20 மழைக்காலம்

சந்தேகி, எட்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.

#21 ஒற்றைப்பனை

ஆறு மாதக் கட்டணம் திரும்ப வந்தது. முதல் மாதத்துக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். 'அறிமுகச் சலுகைக் காலம்' என்று ஏதோ காரணம். போகட்டும் என்று விட்டுவிட்டேன். கணக்குப்பிள்ளை திட்டுவார், தெரியும்.

வீட்டில்தான் சிக்கல். செய்தி நின்ற மறுநாள், காலை ஏழே காலுக்கு அம்மா கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'இன்றைக்கு இன்னும் வரவில்லையே' என்றார். பணம் போன கதை முழுவதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, 'அந்த முழங்கால் குறிப்பு மட்டும் நன்றாக இருந்தது' என்றார்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. இரண்டு முடக்கங்களும் போட்டாயிற்று. வங்கியிலிருந்து வரும் கடவு எண் செய்திகளும் நின்றுவிடுமா? அம்மாவின் ஓய்வூதியக் கணக்கு இந்த எண்ணில்தான் இருக்கிறது.

#22 முன்னாள்குரல்

நிற்காது. வங்கிச் செய்தியைப் பெறுவதற்குக் கட்டணம் இல்லை, முடக்கம் கட்டணம் பிடிக்கும் எண்களுக்குத்தான். ஆனாலும் ஒருமுறை வங்கிச் செயலியில் கடவு எண் கேட்டுச் சோதித்துவிடுங்கள். அவசர நாளில் தெரிந்துகொள்வதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். குறுஞ்செய்தி வழி நன்கொடை, தொலைக்காட்சி வாக்கு, கைப்பேசிக் கணக்கில் செயலி வாங்குவது ஆகியவை நின்றுவிடும். அம்மாவுக்கு இவை வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றினால் முடக்கம் கூடவே போகாது. அங்கே போய் மறுபடியும் கேட்க வேண்டும்.

#23 ஒற்றைப்பனை

சோதித்தேன், கடவு எண் வந்தது. அக்கா மகனுக்கு வைஃபை மட்டும் போதும் என்று மொபைல் டேட்டாவை அணைத்துக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் குறிப்பைப் பழைய செய்திகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். அது நூற்றுப் பதினெட்டாவது நாளோ என்னவோ.